பிஸ்கட் டின்னில் பதினெட்டு பேர்

தம்பி,

நேற்று சாயங்காலம் போனில் கேட்டாய், "அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களாம்மா?" என்று. நான் "ம்" என்றேன். அது பொய். நோட்டு இப்போது என் கைப்பையில், குடைக்கும் தண்ணீர் போத்தலுக்கும் நடுவில் இருக்கிறது. மணி ஏழு ஆகிறது. அப்பா இருமி இருமிக் களைத்து இப்போதுதான் கண் அசந்தார். நான் குளித்துப் புடவை கட்டி, பால் சேர்க்காத தே ஓ கலக்கி, அதைக் குடிக்காமலே ஆறவிட்டுவிட்டேன். உட்காருகிறேன், எழுந்து போய் அடுப்பை மூடினேனா என்று பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். அப்பாவின் இழப்பீட்டு மேல்முறையீட்டுக்கு இன்றோடு கெடு முடிகிறது. வாயால் சொன்னால் பாதியிலேயே நீ "அம்மா, ப்ளீஸ்" என்பாய், நானும் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நீ ஜுருவில் அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேரப் போகிறாய். பாசாரில் மீன்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. அப்படி என்ன வேலை என்று அவர் கேட்டார். தொழிலாளிகளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "அதுல பாதி ரெக்கார்டு வேலைம்மா, ஃபைல், ஃபார்ம், சைன்" என்றாய். அந்தப் பாதியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். உன் அம்மாவைப்போல் ரெக்கார்டு வைத்திருந்தவள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதனால் என்ன ஆனது என்பதை உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொன்னேன், எனக்குச் சாதகமான துண்டுகளாகப் பார்த்து.

அப்பா ஈப்போ பக்கம் ஈயம் தோண்டுகிற ஒரு லம்பத்தில் பம்பு பார்த்துக்கொண்டிருந்தார். ஈயத்தின் விலை விழுந்து லம்பத்தை மூடியதும், அடுத்த ஊரில் இருந்த மில்லுக்கு வந்தார். ஈயம் எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்பு மணலை லோரி லோரியாக வாங்கி, உலர்த்தி, காந்தத்தில் ஓட்டிப் பிரிக்கிற மில் அது. அந்த மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் பல தாதுக்கள் கலந்திருக்கும். தேன் நிறத்தில் மின்னுகிற ஒன்றில் கதிரியக்கம் உண்டு. மில்லுக்குள் எந்நேரமும் தூசி. அப்பா ஒரு வெள்ளைத் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போவார், சாப்பாட்டு நேரத்தில் வரும்போது துண்டு சிமெண்டு நிறத்தில் இருக்கும். நான் வெளியே கண்ணாடி அறையில் கணக்கெழுதுகிற கிராணி. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் தவறாமல் பேனாவை மறந்துவிட்டு வந்து என் பேனாவைக் கேட்டவர்தான் உன் அப்பா. மற்ற விஷயத்தில் அவருக்கு மறதியே கிடையாது.

அரசாங்க உத்தரவுப்படி மில்லுக்கு பேட்ஜ் வந்தது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக், சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். மாதம் முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், எந்த ஆள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று ஒரு தாள் வரும். உள்ளே வேலை செய்த பதினெட்டு பேருக்கும் பெயர் போட்டு ஆளுக்கு ஒன்று. கூடவே பெயர் இல்லாத இன்னொன்று. அதை ஆபீசிலேயே வைத்திருக்கவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. ஏன் என்று அதில் போடவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கி வைப்பது, அனுப்புவது, தாள் வந்ததும் சரிபார்த்துக் கீழே கையெழுத்துப் போடுவது, எல்லாம் என் பொறுப்பு.

பேட்ஜ் வந்த மூன்றாம் நாளே பதினெட்டு பேரில் ஒருவரான பாக் மான் தன்னுடையதைத் தொலைத்துவிட்டார். மணலை உலர்த்துகிற அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்தபோது கிளிப் நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. கம்பெனி சொத்தைத் தொலைத்ததாகச் சொல்லி முதலாளி தவுக்கே அவர் சம்பளத்தில் பிடித்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள். மறுநாள் காலையில் ஆட்கள் பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனதைப் பார்த்தேன். ஒரு கையால் பேட்ஜையும் ஒரு கையால் மண்வெட்டியையும் எப்படிப் பிடிப்பது? எனக்குப் பாவமாக இருந்தது. நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. "எல்லாரும் என்கிட்டே வச்சிட்டுப் போங்க லா. மாசம் முடியற வரைக்கும் நான் பத்திரமா பார்த்துக்கிறேன்." பதினேழு பேரும் வரிசையில் நின்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், பாக் மானுக்குப் புதியது வந்ததும் அதையும் சேர்த்தேன். பாக் மான் இரண்டு தடவை தெரிமா காசே என்று நன்றி சொன்னார். அன்றைக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சீனப் பெருநாளுக்குத் தவுக்கே கொடுத்த பிஸ்கட் டின் ஒன்று காலியாக இருந்தது. நல்ல கனமான தகரம், மூடியில் ரோஜாப் பூ. பேட்ஜை எல்லாம் அதில் அடுக்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பெயரில்லாத அந்தப் பத்தொன்பதாவதையும் அதிலேயே வைத்தேன், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று. தினமும் எண்ணி நோட்டில் எழுதுவேன். காலை பத்தொன்பது, மாலை பத்தொன்பது, தேதி, கையெழுத்து. முதல் பக்கத்தில் பதினெட்டு பேரின் பெயரும் அடையாள எண்ணும். எட்டு வருடத்தில் ஒரு பேட்ஜ்கூடத் தொலையவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாள்களில் எல்லாப் பெயருக்கும் எதிரே சைபர். வருடக் கடைசியில் தவுக்கே எல்லார் முன்னாலும் "நம்ம மில் மாதிரி சுத்தமான மில் கிடையாது" என்று என்னைப் பாராட்டினார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நீ வயிற்றில் இருந்தபோது நடந்ததைச் சொன்னால் சிரிப்பாயோ கோபப்படுவாயோ தெரியவில்லை. கதிரியக்கம் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டுப் பயந்துபோனேன். என் புத்திக்கு எட்டியவரை கதிர் அந்த பேட்ஜுக்குள்தான் இருந்தது. அதைத்தானே மாதாமாதம் எடுத்துப்போய் அளக்கிறார்கள்! டின்னை என் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கடைசி அலமாரியில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். எண்ணும்போது வயிற்றின் குறுக்கே ஒரு ஃபைலைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் சாயங்காலம் வீட்டில் அப்பாவின் சட்டையை நானேதான் உதறினேன். மடிப்பிலிருந்து கறுப்பு மணல் கொட்டும். நீ பிறந்து தவழ்ந்ததும் அந்தச் சிமெண்டுத் தரையில்தான். பயப்பட வேண்டியது எதற்கு என்று யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. அதற்காக நான் ஒன்றும் தெரியாதவள் என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஏன் முடியாது என்றால் அந்த ஜீப்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. ஆய்வுக்கு வந்தவர்களைத் தவுக்கே தன் அறையில் உட்காரவைத்து கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை தம்பி, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள். நானாகவே டின்னைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக மில்லுக்குள் ஓடினேன். பதினெட்டு சட்டையிலும் பதினெட்டு பேட்ஜை என் கையாலேயே மாட்டினேன். அப்பா கேட்டார், "என்னம்மா, இன்னைக்கு என்ன விசேஷம்?" "பேசாம நில்லுங்க" என்றேன். வந்தவர்கள் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், பன்னிரண்டு மணிக்குப் போனார்கள். நான் திரும்ப வாங்கி எண்ணி வைத்தேன். தப்பு என்று தெரியாதவள் எதற்காக ஓடவேண்டும்? இதை நான் அப்பாவிடம்கூடப் பேசியதில்லை. ஆனால் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், வழக்கம்போல, அழகான கையெழுத்தில்.

அப்பா இருமுகிறார். எழுந்துவிட்டார் போலிருக்கிறது. பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். மீதியை வழியில் எழுதுகிறேன்.

அக்கரைக்குப் போகிற ஃபெரியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். போகும்போது "கீரை வாங்கிட்டு வா" என்றார் அப்பா. பாசாருக்கு இவ்வளவு நல்ல புடவை எதற்கு என்று கேட்பாரோ என்று பயந்தேன், கேட்கவில்லை. முன்பெல்லாம் எதுவும் அவர் கண்ணிலிருந்து தப்பாது. இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நிற்கிறார். மில் மூடி நாம் ஜார்ஜ் டவுனுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. நான் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதினேன், அப்பா அடுக்குமாடியில் காவல் வேலைக்குப் போனார். அப்போதே இருமல் இருந்தது. கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். போன வருடம் படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுக்கத் தூசித் தழும்பு, வலது பக்கம் கட்டி. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்பதுதான். அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இரண்டாவது டாக்டரும் அதையே கேட்டார், மூன்றாமவரும் கேட்டார். கடைசியில் அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றார், இப்போது சொல்லிவிட்டேன்.

இழப்பீட்டுக்கு மனுப் போடச் சொன்னது நீதான். நல்ல பிள்ளையாக ஃபார்ம் எல்லாம் நீயே நிரப்பினாய். மருத்துவக் குழு கூப்பிட்ட அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். போகும்போது அப்பா சொன்னார், "காசு வேணாம்னு சொல்லலை. ஆனா இது மில்லுல வந்ததுன்னு அவங்க கையால ஒரு வரி எழுதித் தரணும். எனக்கு அது போதும்." உள்ளே நீள மேசை, மூன்று டாக்டர்கள். எட்டு வருடத்துத் தாள்களையும் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் சைபர். நடுவில் இருந்தவர் கேட்டார், "வேலை நேரம் முழுக்க பேட்ஜ் போட்டிருந்தீங்களா?" அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேலைக்கு வந்ததும் போடுவேன், வீட்டுக்குப் போறப்போதான் கழட்டுவேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தோம். நான் கேட்டேன், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாத் தாள்லயும் கீழே உன் சைன் இருந்துச்சும்மா." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பதிவேடுகளின்படி மனுதாரருக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை, நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. அப்பா அதை நான்காக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்காகத் தன் உடம்பைப் பற்றியே பொய் சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தின் மேல் தலைவைத்துப் படுத்திருக்கிற மனிதரோடு நான் தினமும் சோறு சாப்பிடுகிறேன்.

அந்த வாரம் நீ வந்தபோது நோட்டை எடுத்துக் காட்டினேன். நீ பக்கம் பக்கமாகப் புரட்டினாய். "ம்மா, பதினெட்டு பேர்தானே, அது என்ன பத்தொன்பது?" என்று கேட்டாய். பெயரில்லாததையும் ஒன்றாக வைத்திருந்தேன் என்றேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினாய். அந்தப் பத்தொன்பதாவதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதை அளப்பார்களாம். அது ஆபீசில் இருக்கும், மற்றவை ஆளோடு உள்ளே போகும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. எல்லாம் ஒரே டின்னில் இருந்தால் சைபர் வராமல் என்ன வரும்? மூச்சில் போன தூசியை பேட்ஜ் எப்படியும் அளக்காது, ஆனால் பதிவேடு சுத்தமாக இருந்தால் மற்றதை யார் கேட்பார்கள் என்றும் நீயே சொன்னாய். அதன் பிறகு நோட்டை மூடி என்னிடம் தந்தாய். "இதை வெளியே காட்டாதீங்க லா. ஃபால்ஸ் ரெக்கார்டுன்னு உங்களையே பிடிப்பாங்க. நான் வேற இந்த லைன்லயே வேலைக்குப் போறேன். எவ்வளவு செலவானாலும் அப்பாவை நான் பார்த்துக்கிறேன். தூக்கிப் போட்டுடுங்க."

உன்னை நான் குறை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாய், உன் அப்பாவும் அதைத்தான் செய்தார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்திரமாக ஒரு டின்னில் போட்டு மூடி வைக்கப் பார்க்கிறீர்கள், எனக்கு அதில் மூச்சு முட்டுகிறது. பாக் மான் நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார், உனக்குத் தெரியும். இதே இருமல்தான். அவர் மனைவி கக் ரொஸ் ஒவ்வொரு ஹரிராயாப் பெருநாளுக்கும் போன் பண்ணுவார். இந்தத் தடவை மலாய் மொழியில் கேட்டார்: "நீதானே ஆபீசில் இருந்தாய், என் வீட்டுக்காரர் மில்லுக்குள்ளேதான் வேலை செய்தார் என்று எங்கேயாவது எழுதி இருக்குமா?" அவர் மனுவுக்கும் இதே பதில்தான் வந்ததாம், இதே சைபர். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நோட்டு என் மடியிலிருந்து இரண்டடி தூரத்தில், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இப்போது, இந்த ஃபெரியில், ஜீப் வந்த நாளின் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். மற்ற பக்கங்களைக் காட்டினால் ஒன்றும் தெரியாத கிராணி, நல்லெண்ணத்தில் செய்துவிட்டாள் என்று போய்விடும். அந்த ஒரு பக்கத்தில்தான் நான் மாட்டிக்கொள்கிறேன். நோட்டை மடியில் விரித்து, பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து இரண்டு விரற்கடை அளவு கிழித்தும்விட்டேன். எதிரே ஒரு பையன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும்? ஆனாலும் கை நின்றுவிட்டது. எட்டு வருடம் ஒரு பக்கம்கூடக் கிழிக்காத நோட்டு அது. என் பெருமைதான் என்னைக் கெடுத்தது, இன்றைக்கு அதே பெருமைதான் கையைப் பிடித்தது என்று வைத்துக்கொள். பட்டர்வொர்த் வந்துவிட்டது, இறங்க வேண்டும்.

செபராங் ஜெயா. இழப்பீட்டு அலுவலகத்தில் என் எண் ஐம்பத்திரண்டு, இப்போது ஓடுவது முப்பத்தெட்டு. குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் போகிறது. மூன்று தடவை நாற்காலி மாறிவிட்டேன், ஒரு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். எனக்கு முன்னால் கையில் கட்டோடு ஒரு வங்காளதேசத்துப் பையன், அவனுக்குப் பக்கத்தில் ஃபைலோடு ஒரு கம்பெனிக்காரர். அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்கிறார். ஜுரு இங்கிருந்து கூப்பிடு தூரம். நாளைக்கு நீயும் அப்படி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து உட்காருவாய். அப்போது அவனைப் பேசவிடு. அதற்கும் முன்னால், திங்கட்கிழமை முதல் வேலையாக ஃபைலைத் திறக்காதே. ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போய் கொஞ்ச நேரம் நில். ஹெல்மெட்டும் முகமூடியும் எங்கே தொங்குகின்றன என்று பார். தலையில் இல்லாமல் ஆணியில் தொங்கினால் ஏன் என்று கேள், உடனே சத்தம் போடாதே. தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ, போட்டால் மூச்சு விட முடியவில்லையோ. காரணம் இல்லாமல் யாரும் கழற்றிவைப்பதில்லை. எங்களிடம் அன்றைக்கு ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் பாக் மானே சொல்லியிருப்பார்.

ஐம்பத்தொன்று என்கிறார்கள். நோட்டை வெளியே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி இரண்டு. கீரை வாங்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். "நீங்க மனு போட்டவரோட வைஃபா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "வைஃபும்தான். ஆனா இன்னைக்கு அந்த மில்லு கிராணியா வந்திருக்கேன்" என்றேன். நோட்டை முன்னால் வைத்து டின் கதையைச் சொன்னேன். நடுவில் தண்ணீர் கொடுத்தாள். பொறுமையாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் பாதி கிழிந்த அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். காலை பத்தொன்பது. பத்து மணி, ஜீப், பதினெட்டு வெளியே. பன்னிரண்டு மணி, பதினெட்டு உள்ளே. இரண்டு தடவை படித்தாள். "இதையும் ஏன் எழுதி வச்சீங்க?" என்றாள். "வெளியே போனா எழுதணும் லா. இல்லாட்டி எண்ணிக்கை இடிக்குமே" என்றேன்.

"ஆன்ட்டி, இந்தப் பக்கம் இல்லாட்டி இந்த நோட்டை இப்போ வீட்டுல உட்கார்ந்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க," என்றாள். "அன்னைக்கு ஆய்வுக்கு வந்தவங்க ரிப்போர்ட் அரசாங்கத்துகிட்ட இருக்கும். தேதி ஒத்துப்போச்சுன்னா யாரும் தள்ள முடியாது. ஆனா உங்களுக்கும் கேள்வி வரும், தெரியுமா?" தெரியும் என்றேன். நான் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாகத் தட்டச்சு செய்து நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள், நான் அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் "மறந்து" என்று போட்டிருந்தாள், மறக்கவில்லை, தெரிந்துதான் செய்தேன் என்று மாற்றச் சொன்னேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டேன். மேல்முறையீடு கெடுவுக்குள் சேர்ந்துவிட்டது. கிடைக்குமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் பெயர் எங்கேயும் வரவில்லை. ஆனால் வந்தால் வரட்டும் என்று நீ சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. உன்னை வற்புறுத்த எனக்கு வாய் இல்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கீரை எங்கே?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், ஜீப்பையும் சேர்த்து. முதலில் கோபம் வந்தது. "உன்னை யார் போகச் சொன்னது? நான் அங்க போய் பொய் சொன்னதுக்கு என்ன மரியாதை?" என்று கத்தப்போய் இருமலில் குனிந்துவிட்டார். முதுகைத் தடவினேன், கையைத் தட்டிவிட்டார். சரி, இருக்கட்டும் என்று நானும் எழுந்து போய் அரிசி களைந்தேன். உலை கொதித்ததும் அரிசியைப் போட்டேன். பிறகு கூப்பிட்டார். "பதினெட்டு பேர் பேரும் அதுல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "மான் பேரு?" முதல் பெயரே அவருடையதுதான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் இந்தத் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். தூங்கவில்லை. "அப்போ ரொஸ்ஸுக்கு யாரு சொல்றது?" என்கிறார்.

ஹரிராயாவுக்கு நான் அவரிடம் சொன்ன பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை தம்பி. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அப்பா காத்திருக்கவில்லை, தானே என் போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மணி போய்க்கொண்டிருக்கிறது. அப்பா தலையணைக்கடியில் இருந்த கடிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்து விரல்களால் நீவிக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்கவில்லை. ஐந்து, ஆறு. எடுக்கமாட்டார்கள் போல. எடுக்காமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் ஒரு மனம் சொல்கிறது. எடுத்துவிட்டார்கள். நான் பேசவேண்டும்.

அம்மா